பதினொன்று முதல் நாலு வரை: மாங்காய் அட்டைப்பெட்டியில் ஒரு சித்திரை

கோடை விடுமுறையில் காலையும் சாயங்காலமும் தானாக ஓடிவிடும். ஆறு மணிக்கே தெருவில் கிரிக்கெட் தொடங்கிவிடுகிறது. வெயில் தாழ்ந்ததும் மறுபடி அதே தெரு, அதே மட்டை. சிக்கல் எல்லாம் பகல் பதினொன்றுக்கும் நாலுக்கும் நடுவில்தான். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டணத்துச் சித்திரை வெயிலில் அந்த நேரத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது. உள்ளே வைத்தால் கை ஃபோனைத் தேடும். எனக்கோ அதுதான் வேலை நேரம். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். சித்திரை, வைகாசி முகூர்த்த ஜாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும்போது எழுந்து எழுந்து போய்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட முடியாது.

அதனால் இந்த மாதம் நாங்கள் செய்தவை எல்லாம் அந்த ஐந்து மணி நேரத்துக்கென்றே யோசித்துச் செய்தவை. பொருள் வீட்டிலேயே கிடக்க வேண்டும். நிழலில் உட்கார்ந்து செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். உடைந்தால் பிள்ளைகளே சரிசெய்ய முடிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். கடையில் விற்கும் கைவினை கிட்டில் ஒரு பாகம் உடைந்தால் அதோடு சரி, குப்பைக்குப் போகும். அட்டையில் செய்தது உடைந்தால் அந்தப் பழுதே இன்னொரு மதிய வேளைக்கு வேலை.

பெரியவள் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள், சின்னவன் மூன்றாவது. என் மாமியார், அதாவது அவர்களுடைய ஆயா, எங்களோடு இருக்கிறார். வீட்டுக்காரர் மாங்காய் லோடு ஓட்டுகிறார். சீசனில் அவரைப் பார்ப்பதே ராத்திரியில்தான். ஆனால் வரும்போது வண்டியில் ஓரம் நசுங்கிய அட்டைப் பெட்டிகள் நாலைந்து கிடக்கும். அதுதான் எங்கள் மூலதனம்.

முதலில் செய்தது ஆடுபுலி ஆட்டத் துணி. தரையில் சாக்பீஸால் போட்டால் ஆயாவின் கால் பட்டு அழிந்துவிடுகிறது. அட்டையில் போட்டால் மடிந்துபோகிறது. மீந்த லைனிங் துணியில் டெய்லர் சாக்கால் கோடு போட்டு, அதன்மேல் மிஷினில் கறுப்பு நூல் ஓட்டிக் கொடுத்தேன். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகள். குறுக்கே மூன்று கோடுகள். அவற்றை இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டி, நுனிகளை மேலிருந்து கீழாக ஒரு கோட்டால் சேர்க்க வேண்டும். கடைசியாக ஒரு அடிக்கோடு, அது நான்கு கோடுகளை மட்டும் தொட்டால் போதும். புள்ளிகளை எண்ணினால் 23 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கோடு தப்பியிருக்கிறது. புலி மூன்றுக்குப் பெரிய கோட்டு பொத்தான், ஆடு பதினைந்துக்குப் புளியங்கொட்டை.

ஆட்டத்தில் ஆயாவை ஜெயிக்க யாராலும் முடியவில்லை. புலி வெட்ட வேண்டுமானால் ஆட்டுக்கு அந்தப் பக்கம் நேர்கோட்டில் ஒரு காலி இடம் வேண்டும். அதனால் அவர் ஆடுகளை முதலில் ஓரத்திலேயே இறக்குவார். ஓரத்து ஆட்டுக்குப் பின்னால் புலி குதிக்க இடம் குறைவு. பதினைந்தும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது என்பது சட்டம். பொறுமை இல்லாத சின்னவன் எப்போதும் புலியைக் கேட்டு வாங்குவான், எப்போதும் அடைபடுவான். “அவசரப்படாத கண்ணு, புலிக்குத்தான் பசி, ஆட்டுக்கு என்ன அவசரம்” என்பார் ஆயா. துணி சுருட்டி வைக்கத் தோதாக இருப்பதால் இது எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தது.

அடுத்து நிழல் மறையும் நாள். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று சொல்லிவிட்டு மொட்டை மாடி வெயிலில் நின்றது இதற்கு மட்டும்தான். வருஷத்தில் இரண்டு நாள், நட்டநடுப் பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வரும். நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. தென்கோடியில் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலேயே இது வந்துவிடுகிறது. சூரியன் நாளுக்குக் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து வர, எங்கள் ஊரின் அட்சரேகையான 12.4 டிகிரியைத் தொடுவது ஏப்ரல் 23 வாக்கில். திரும்பிப் போகும் வழியில் ஆகஸ்டில் இன்னொரு முறை.

நேரம் பன்னிரண்டு இல்லை என்பதைப் பெரியவள் நம்பவே இல்லை. கடிகாரம் காட்டும் இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு நாலு டிகிரிக்குச் சற்று அதிகமாக மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்று கணக்குப் போட்டால் பதினேழு நிமிஷம் தாமதம். அந்த வாரத்தில் சூரியன் இரண்டு நிமிஷம்போல் முந்தி ஓடுவதால் 12.15 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு அடி நீள பி.வி.சி. பைப் துண்டைச் சமமான தரையில் நிறுத்தினோம். வாய் அகன்று அடி குறுகிய டம்ளர் இதற்கு உதவாது, அது எப்போதும் தன் வாயின் நிழலையே காட்டும். பைப் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் பாபினைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டோம். பன்னிரண்டு மணியிலிருந்தே நிழல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் வெளியே ஒன்றுமே இல்லை. பைப்புக்கு உள்ளே மட்டும் தரையில் ஒரு வெளிச்ச வட்டம்.

தருமபுரியில் இருக்கும் என் தங்கை முந்தின நாளே ஃபோன் செய்து, “அக்கா, எங்க ஊர்ல இன்னைக்கே நிழல் இல்ல, நாங்கதான் ஃபர்ஸ்ட்” என்றாள். கணக்குப்படி அவள் சொன்னது சரிதான். ஆனால் ஒரு அடி பைப்பில் ஒரு நாள் வித்தியாசம் என்பது இரண்டு மில்லிமீட்டர்கூட வராது, கண்ணுக்குத் தெரியாது. இதைப் பெரியவளே கணக்குப் போட்டுச் சித்தியிடம் சொன்னதில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மேகம் வந்து அந்த நாள் கெட்டுப்போனாலும் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள வசதி.

அந்த வெயிலையே வேலைக்கு வைத்தது மாம்பழத் தகடு. கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போய்விடும், அது பழுக்க நாள் ஆகும். எங்களுக்கு முதலில் கிடைத்தது செந்தூரா. அடிபட்ட பழங்களின் நல்ல பகுதியை மட்டும் வெட்டி, பிசைந்து, பழைய வெள்ளை வாயில் துணியில் வடிகட்டி நாரை எடுத்தோம். கூழில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடுப்பில் ஒரு கொதி. நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் தோசை கனத்துக்கு ஊற்றி, மேலே கொசுவலைத் துணி கட்டி மாடியில் வைப்பது. மறுநாள் அதன்மேலேயே இன்னொரு ஊற்று. ஒரே நாளில் கனமாக ஊற்றினால் மேலே காய்ந்து உள்ளே புளித்துவிடும். எறும்புக்கு, தட்டு வைத்த முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும்; வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றும், அதை நிரப்புவது சின்னவனின் பொறுப்பு. ஓரத்தைத் தூக்கினால் தட்டை விட்டு முழுசாக உரிந்து வந்தால் ஆயிற்று. சுருட்டி, துண்டு போட்டு, டப்பாவில் போட்டோம். டப்பா நிரம்பியதாக எனக்கு நினைவில்லை.

நுங்கு வண்டி தெருவுக்கே தெரிந்த விஷயம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நுங்கைக் குடித்தபின் மிஞ்சும் கூடு இரண்டு, நடுவில் செருக ஒரு சாண் குச்சி, தள்ளுவதற்கு நுனியில் கவை உள்ள நீளக் குச்சி. சொல்ல வேண்டியது பழுதைப் பற்றித்தான். பச்சையாக இருக்கும்போது இறுக்கமாக ஓடும் சக்கரம், கூடு காயக் காய ஓட்டை பெரிதாகிக் கழன்று போகும். ஆணி அடித்தால் குச்சி பிளக்கிறது. பழைய ரப்பர் செருப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, குச்சியின் நுனியில் ஏற்றினோம். அதற்கு வெளியே குறுக்காக ஒரு கருவேல முள். ரப்பர் நழுவாது, முள் தடுக்கும், கூடு தானாகச் சுழலும். முள்ளின் கூர் முனையை நறுக்கிவிட வேண்டும். தெருப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் வந்து இதைப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு ஜோடிச் செருப்பு முழுசாகத் தீர்ந்தது.

இதெல்லாம் சில்லறை. மாதத்தின் பெரும்பகுதியைத் தின்றது கூத்து.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் வைப்பார்கள். பதினெட்டு நாள் திருவிழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து. பத்து மணிக்குமேல் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். பக்கத்துக் கிராமத்தில் பாரதம் என்று தெரிந்ததும் பாய், போர்வை, ஒரு பை நிப்பட்டு சகிதம் போய்விட்டோம். சின்னவன் பாதிக்குமேல் தூங்குவான், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து கலாட்டா செய்யும்போது மட்டும் எப்படியோ விழித்துவிடுவான். (கூத்து பார்த்த மறுநாள் வீட்டில் எல்லாரும் மதியம் வரை தூங்குவதால் அன்றைக்குப் பதினொன்று முதல் நாலு வரை என்ற பிரச்சினையே இல்லை. தாய்மார்கள் கவனிக்க.) அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசியதைப் பார்த்துவிட்டு வந்து, “அம்மா, நாமும் கூத்துக் கட்டலாம்” என்று இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள்.

கதை எது என்பதில் சண்டையே இல்லை: படுகளம், அதாவது வீமன் துரியோதனனைத் தொடையில் அடித்து வீழ்த்தும் கட்டம். தரையில் மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருந்த துரியோதனன் உருவத்தைப் பார்த்ததிலிருந்து சின்னவன் துரியோதனன். பெரியவள் வீமன். எதிர் வீட்டுப் பையன் கட்டியக்காரன். திரௌபதி வேஷத்துக்கு யாரும் வராததால் ஆயாவே அவிழ்த்த கூந்தலோடு சம்மதித்தார்.

கிரீடம்தான் முதல் வேலை. அசலில் கட்டை எனப்படும் இந்த அணிகளை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். எங்களுக்கு மாங்காய் அட்டை. அட்டையை வெட்டுமுன் உள்ளே இருக்கும் நெளிவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். நெளிவு மேலிருந்து கீழாக வரும்படி வெட்டினால் அட்டை தலைக்கு அழகாக வளையும். குறுக்காக வந்தால் மடிந்து முறியும். முறிகிற மாதிரி இருந்தால் உட்பக்கத்துத் தாளை மட்டும் தண்ணீர் தொட்டு உரித்துவிடலாம், அப்புறம் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். சின்னவனின் தலைச் சுற்று 20 இன்ச், ஒட்டுக்கு ஒன்றரை இன்ச், முன்பக்க உயரம் ஒன்பது இன்ச், பின்னால் போகப் போகக் குறைத்துக்கொண்டு போவது. பேப்பரில் முதலில் வெட்டித் தலையில் வைத்துப் பார்த்த பிறகே அட்டையில் கத்தரி வைக்க வேண்டும். ஜாக்கெட்டுக்குச் சொல்லும் அதே சட்டம்தான்.

பசை மைதாவில் காய்ச்சினோம். ஒரு கப் மாவுக்கு நாலு கப் தண்ணீர். பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெண்மை மாறிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கலாம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கச் சொல்வார்கள். அது விஷம், பிள்ளைகள் கை விட்டு அளையும் பசையில் வேண்டாம். அட்டையின் இரண்டு பக்கமும் பழைய செய்தித்தாள் கீற்றுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டி வெயிலில் காய வைத்தால் அட்டை பலகைபோல் ஆகிவிடும். பிறகு ஜிகினாத் தாள், ஜரிகை லேஸ் மீதி, ஜாக்கெட்டில் வைக்கும் வட்டக் கண்ணாடி. புஜத்துக்கு இரண்டு இறக்கை, மார்புக்கு ஒரு பதக்கம். பதக்கத்தின் ஓரத்துக்கு மட்டும் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் துணியைச் சுற்றி ஒட்டினேன், கழுத்தை அறுக்காமல் இருக்க.

எல்லாம் சரி, கிரீடம் நிற்கவில்லை. குனிந்தால் முன்னால் விழுகிறது, அண்ணாந்தால் பின்னால். துரியோதனன் வசனம் பேசுவானா, கிரீடத்தைப் பிடிப்பானா. தாடைக்கு எலாஸ்டிக் போட்டால் வாய் திறக்கும்போது கிரீடம் எம்புகிறது. அந்த நேரம் பார்த்து, கூத்தில் ராஜ வேஷம் கட்டும் பெரியவர் ஒருவர், கிழிந்த வேஷப் பாவாடையைத் தைக்கக் கொண்டுவந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டு, “தலையில முதல்ல துணியச் சுத்தி இறுக்கிக் கட்டும்மா. கிரீடம் தலை மேல நிக்காது, துணி மேலதான் நிக்கும்” என்றார். துண்டைச் சுற்றிக் கட்டி, கிரீடத்தின் உள்விளிம்பில் நாலு இடத்தில் நாடா வைத்துத் தைத்து அந்தத் துணியோடு முடிச்சுப் போட்டோம். அதற்காகக் கிரீடத்தைப் பின்னால் பிரித்து இரண்டு இன்ச் பெரிதாக்க வேண்டி வந்தது. பாவாடைக்குக் கூலி வாங்க எனக்கு மனசே வரவில்லை. அவர் விடவில்லை, கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மண் துரியோதனனைக் கொல்லையில் வேப்பமர நிழலில் படுக்க வைத்தார்கள். சின்னவனின் உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு நீளம். வெறும் வண்டல் மண் காய்ந்ததும் மார்பு குறுக்கே பிளந்தது. உமி கலந்து பிசைந்த பிறகு பிளவு குறைந்தது. இருந்த பிளவுகளில் முதலில் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பின்பு மண் குழம்பை விரலால் அழுத்த வேண்டும். காய்ந்த மண்ணில் ஈர மண்ணைப் பூசினால் பட்டை பட்டையாக உதிரும். ராத்திரி ஈரச் சாக்குப் போட்டு மூடினோம். தொடையை மட்டும் வேண்டுமென்றே உமி இல்லாமல் செய்தாள் பெரியவள், வீமன் அடித்தால் உடைய வேண்டுமாம்.

நடுவில் ஊர் சுற்றியதும் உண்டு. அவதானப்பட்டி ஏரியில் படகு, கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைப் பூங்காவில் ஒரு சாயங்காலம். எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணையில்தான் அந்த அணை இருக்கிறது. 1950களில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கட்டியது, முழு நீர்மட்டம் 52 அடி. ஒகேனக்கல்லுக்குத் தங்கை குடும்பத்தோடு போனோம். காவிரியில் வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கோடையில் தண்ணீர் மட்டாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை. பரிசல்காரர் நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றியதும், வீட்டுக்காரர் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு மீன் வறுவலோடு உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்ததும்தான் பிள்ளைகள் இன்னும் பேசுவது. திரும்பும் வழியில் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்தோம். கூத்துக்கு முன்னால் இதைக் காட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் வெளியே வந்திருப்பார்கள். இப்போதோ பெரியவள் ஒவ்வொரு வீரனும் காலை எப்படி மடக்கி நிற்கிறான், கையில் எந்தப் பக்கம் வாள் என்று நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். வீமனின் நிலை அங்கிருந்துதான் வந்தது.

கூத்தைக் கொல்லையிலேயே நடத்தினோம். இரண்டு பையன்கள் என் பழைய பட்டுப் புடவையைத் திரையாகப் பிடித்தார்கள். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளியே வர வேண்டும், அசல் கூத்தில் அப்படித்தான். சின்னவனுக்குப் பாட்டு மறந்துபோய், “நான்தான் துரியோதனன், எல்லாரும் உட்காருங்க” என்று மட்டும் கத்தினான். கட்டியக்காரன், “ராசா, எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்காங்க, நீங்க வெளிய வாங்க” என்றதுக்குத் தெருவே சிரித்தது. வீமனின் கதாயுதம் முதல் அடியிலேயே வளைந்தது. அட்டைக் குழாய் மட்டும் போதாது, உள்ளே மூங்கில் குச்சி வைத்தே தீர வேண்டும். தொடை மூன்றாவது அடிக்கு உடைந்தது. ஆயா கூந்தலை அள்ளி முடிந்தபோது, எதிர் வீட்டு அம்மா நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பள்ளி திறப்பதற்குள் எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். மைதா பசை இருப்பதால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் நிச்சயம் வரும். ஒருநாள் முழுக்க வெயிலில் போட்டு எடுத்து, காய்ந்த வேப்பிலையோடு பாலித்தீன் பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். அடுத்த செட்டுக்கு மைதாவைவிட ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒட்டுவது மேல் என்று தோன்றுகிறது, செலவு கூடினாலும் பூச்சித் தொல்லை குறையும். கிரீடத்தின் பேப்பர் வார்ப்பை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். எதிர் வீட்டுப் பையனுக்குத் தலைச் சுற்று 21 இன்ச், அவனுக்கு ஒன்று வேண்டுமாம், அட்டை அவனே கொண்டுவருகிறானாம்.